டோட்டல் லாஸ் ஆன கார்: பேரம் பேச வேண்டிய இடம் எது?

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஐந்தாவது ஆண்டில் ஓடிக்கொண்டிருந்த பெட்ரோல் கார், 1,200 சிசி. உளுந்தூர்பேட்டைக்கு அருகே நெடுஞ்சாலையில் லாரியின் பின்புறம் மோதி முன்பகுதி முழுவதும் நசுங்கிவிட்டது; நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. பாலிசியில் ஐடிவி, அதாவது காருக்கு எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்பு, 5,60,000 ரூபாய்; பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இணைப்பும் உண்டு. ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 5,10,000. இன்சூரன்ஸ் நிறுவனம் இதை டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்த்துப் பயனில்லாத முழு இழப்பு, என்று ஒப்புக்கொண்டு, சந்தை விலை 4,80,000, உடைந்த வண்டியின் மதிப்பு 1,90,000, பாலிசியின் கட்டாயப் பிடித்தம் 1,000, எல்லாம் போக 2,89,000 தருகிறோம், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. கார் கடனில் 2,30,000 பாக்கி இருக்கிறது. இரண்டு நாளுக்குள் ஒப்புதல் அனுப்பினால் பணம் உடனே வரும் என்கிறார்கள். அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அனுப்ப வேண்டாம். வாகன இழப்பீட்டுப் பிரிவில் மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அந்த இரண்டு நாள் கெடு பாலிசியில் எங்கும் கிடையாது. அந்த 2,89,000 என்ற தொகைக்குள் இரண்டு தனித்தனித் தவறுகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதற்காகப் பேச வேண்டும் என்பது தெரியும்.

முதல் தவறு சந்தை விலை. விபத்து நடந்த பிறகு உங்கள் காரின் சந்தை விலையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை இங்கே யாருக்கும் இல்லை. ஐடிவி என்பது பாலிசி எடுத்த அன்றே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பு. கார் தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ப கழித்து அது கணக்கிடப்படுகிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. ஐந்தாண்டைத் தாண்டிய காருக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். டோட்டல் லாஸ் கோரிக்கைக்கு இந்த ஐடிவியையே பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்பது வாகன இன்சூரன்ஸுக்கான பொது விதித்தொகுப்பாக இருந்த பழைய மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்தே வரும் வாசகம். பெரும்பாலான கார் பாலிசிகளில் இன்றும் அது அச்சிட்டிருக்கும். உங்கள் பாலிசியை எடுத்து ‘இன்ஷுர்டு டிக்ளேர்ட் வேல்யூ’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பத்தியைப் படியுங்கள். அந்த வரி கண்ணில் படும்.

இணையத்தில் தேடினால் அமெரிக்கர்கள் எழுதிய அறிவுரைகள்தான் முதலில் வரும். அதே மாடல், அதே வருடக் காருக்கு வந்த விற்பனை விளம்பரங்களைச் சேகரியுங்கள், புது டயர் போட்ட பில்லைக் காட்டுங்கள் என்பார்கள். அங்கே விபத்துக்கு முந்தைய கணத்தில் காரின் மதிப்பு என்ன என்பதுதான் வழக்கமான பாலிசியின் அளவுகோல். அதனால் அந்தச் சண்டைக்கு அங்கே அர்த்தம் உண்டு. இங்கே நீங்கள் அந்த வழியில் இறங்கினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவர் ஆவீர்கள். ‘சந்தை விலையைப் பார்க்கலாம்’ என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஐடிவியைத் தவிர வேறு எந்த விலையையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடாதீர்கள். 2008ஆம் ஆண்டு தர்மேந்திர கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஒரு மதிப்பை ஏற்று அதற்குப் பிரீமியமும் வாங்கிய நிறுவனம், வண்டி அழிந்த பிறகு அந்த மதிப்பு அதிகம் என்று பின்வாங்க முடியாது.

இதை ஒட்டி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். காரின் விலைக்கான பேரம் ஆண்டுக்கு ஒருமுறை, பாலிசி புதுப்பிக்கும் நாளில்தான் நடக்கிறது. அன்று இணையத்தில் பிரீமியத்தைச் சில நூறு ரூபாய் குறைக்க ஐடிவியைக் கீழே இழுத்து வைத்தவர்கள் விபத்துக்குப் பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை. உங்கள் 5,60,000 நல்ல தொகை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு உடைந்த வண்டியின் மதிப்பு. பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலானோர் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். சால்வேஜ் என்று அவர்கள் குறிப்பிடும் இந்த மதிப்பு எப்படி வருகிறது தெரியுமா? உங்கள் காரின் படங்களை ஏல இணையதளத்தில் போடுவார்கள். உடைந்த வண்டிகளை வாங்கும் வியாபாரிகள் விலை கேட்பார்கள். பெரும்பாலும் வண்டியை நேரில் பார்க்காமலேயே கேட்ட விலை அது. சில நேரம் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) இரண்டு மூன்று பழைய இரும்பு வியாபாரிகளிடம் வாங்கிய மேற்கோளாகவும் இருக்கும். வந்ததிலேயே உயர்ந்த தொகையை ஐடிவியிலிருந்து கழித்து, மீதியைத் தந்து, வண்டியை உங்கள் தலையில் கட்டினால் நிறுவனத்துக்கு வேலை மிச்சம். விலை கேட்டவர் வராமல் போனாலோ, வந்து நேரில் பார்த்து ‘ஏர்பேக் எல்லாம் போய்விட்டது, 1,20,000க்கு மேல் முடியாது’ என்றாலோ, அந்த 70,000 ரூபாய் இழப்பு உங்களுடையது.

அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 1,90,000 கேட்டவர் யார்? அவருடைய விலைக்கடிதம் எத்தனை நாள் செல்லும்? அது ஆர்.சி.யுடன், அதாவது பதிவுச் சான்றுடன், சேர்த்துக் கேட்ட விலையா, ஆர்.சி. இல்லாமலா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டியைச் சரிசெய்து மறுபடி ஓட்டலாம், விற்கலாம். அதனால் விலை கூடும். ஆர்.சி. ரத்தான வண்டி வெறும் உதிரிபாகம், இரும்பு. இரண்டுக்கும் இடையே கணிசமான வித்தியாசம் இருக்கும். அதிக விலையை உங்கள் கணக்கில் கழித்துவிட்டு, ஆர்.சி.யையும் ரத்து செய்து கொண்டு வா என்று சொல்லும் கூத்தும் நடக்கிறது. இரண்டில் ஒன்றுதான் நியாயம்.

அடுத்து நீங்கள் எடுக்க வேண்டிய நிலை எளிமையானது. ‘1,90,000 பெறும் என்றால் நிறுவனமே வண்டியை எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஐடிவியில் கட்டாயப் பிடித்தம் போக 5,59,000 கொடுங்கள்’ என்று எழுதுங்கள். உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு வாங்குபவரைத் தேடியாக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அது உங்களுக்குத் தரப்படும் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். அவர்கள் சொன்னபடி 2,89,000 வாங்கி, வண்டியை உள்ளூரில் 1,20,000க்கு விற்றால் கையில் 4,09,000. வண்டியை ஒப்படைத்தால் 5,59,000. ஒரு கையெழுத்தில் 1,50,000 போகிறது. அதில் 80,000 சந்தை விலை என்ற பெயரில், 70,000 சால்வேஜ் என்ற பெயரில்.

வண்டியை வைத்துக்கொள்வது ஒருவேளை உங்களுக்கு லாபமாகவும் இருக்கலாம். நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், எஞ்சினும் கியர் பாக்ஸும் நன்றாக இருக்கின்றன, வெளியே இரண்டு வியாபாரிகள் எழுத்தில் 2,00,000 தருகிறோம் என்கிறார்கள் என்றால் சால்வேஜ் கழித்த தீர்வை ஏற்கலாம். அப்போதும் கழிப்பது 5,60,000 ஐடிவியிலிருந்துதான்.

நீங்கள் எதிர்த்து எழுதியதும் நிறுவனம் வேறு பாட்டு பாட வாய்ப்பு உண்டு. ‘சரி, இது டோட்டல் லாஸே இல்லை, பழுது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று திரும்பும். இங்கேதான் 75 சதவீத வரம்பு வருகிறது. பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வண்டியை மீட்டுப் பழுது பார்க்கும் மொத்தச் செலவு ஐடிவியின் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸாகக் கருதப்படும். உங்களுக்கு அந்தக் கோடு 4,20,000. ‘பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு’ என்ற மூன்று சொற்கள் சாதாரணமானவை அல்ல. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும், நான்கிலிருந்து ஐந்தாண்டு வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். அந்தக் கழிவுக்குப் பிறகு வரும் தொகையைத்தான் சர்வேயர்கள் 4,20,000 என்ற கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஜீரோ டெப் இல்லாதவருக்கு 5,10,000 எஸ்டிமேட்கூடக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். டோட்டல் லாஸும் கிடைக்காது, பழுதுச் செலவில் கணிசமான பங்கும் கையிலிருந்து போகும். அதைவிடக் கேடான இடம் கார் இன்சூரன்ஸில் வேறு இல்லை. உங்களிடம் ஜீரோ டெப் இருப்பதால் அந்தக் கழிவு கிடையாது. பழுது பார்க்கும் கூலியில் சர்வேயர் கொஞ்சம் வெட்டினாலும் 4,20,000க்குக் கீழே கொண்டுவருவது கடினம்.

ஆனாலும் ஒன்று செய்துவையுங்கள். பெரும்பாலும் முதல் எஸ்டிமேட் வண்டியைப் பிரிக்காமல் போடுவது. மறைந்திருக்கும் சேதம் அதில் வராது: சேஸிஸ் வளைவு, வயரிங் கட்டு, எஞ்சின் மவுண்ட், ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ளவை. ஏர்பேக் வெடித்திருந்தால் அந்தப் பை மட்டும் மாற்றினால் போதாது. சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, டேஷ்போர்டு, சீட் பெல்ட் இறுக்கி எல்லாம் சேரும். சர்வேயரின் ஒப்புதலோடு பிரித்துப் பார்த்துத் துணை எஸ்டிமேட் தரும்படி ஒர்க்‌ஷாப்பிடம் கேளுங்கள். பிரிக்கும் கூலி யார் கொடுப்பது என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டியைப் பழுது பார்க்காமல் எடுத்துப் போனால் எஸ்டிமேட் கட்டணம், நிறுத்திவைத்த நாளுக்கு வாடகை என்று ஒர்க்‌ஷாப் பில் நீட்டும். நிறுவனத்தின் தாமதத்தால் ஏறும் வாடகையை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று உங்கள் முதல் மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். இழுவை வண்டிச் செலவுக்கு வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய் வரைதான்.

சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் படித்துக் காட்டுவார்கள், அது போதாது. மதிப்பீடு எவ்வளவு, எந்த அடிப்படையில் தீர்வு பரிந்துரைத்தார், சால்வேஜ் மேற்கோள் எத்தனை என்பவை அதில் இருக்கும். பல சமயம் சர்வேயர் ஐடிவி அடிப்படையில்தான் எழுதியிருப்பார். சந்தை விலை என்பது அலுவலகத்தில் பிறகு சேர்ந்த சரக்காக இருக்கும். சர்வேயர் சொல்லிவிட்டார் என்பதே முடிவும் அல்ல. அவருடைய அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, சான்று இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சர்வேயர்களோடு சண்டை போடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை. அவர்களில் பெரும்பாலானோர் நியாயமானவர்கள், குறைந்த கட்டணத்துக்கு வெயிலில் அலைபவர்கள்.

கடிதம் நீளமாக இருக்கக் கூடாது. கோரிக்கை எண், விபத்துத் தேதி, பாலிசியில் உள்ள ஐடிவி, 75 சதவீதக் கோடு, எஸ்டிமேட் தொகை, ‘வண்டியை ஒப்படைக்கத் தயார், 5,59,000 தருக’ என்ற ஒரு வரி, ‘மறுப்பதானால் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்ற இன்னொரு வரி. இந்தக் கடைசி வரி மந்திரம் போல வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் தாராளமாகப் பேசுகிறவர்கள் அதையே எழுத்தில் தரத் தயங்குவார்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அதே நகல் போகட்டும். தொலைபேசியில் என்ன பேசினாலும் அன்றே ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அவசரம் மிகுந்து பணத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பணம் பெறும்போது கையெழுத்திடும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற வாசகம் இருக்கும். ‘மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதி ஒப்பமிடுங்கள். அந்த வவுச்சரில் கையெழுத்திட்டது கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமையைப் பறித்துவிடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015 செப்டம்பரில் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. ஆனால் எதிர்ப்பைப் பதிவு செய்யாமல் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டவரின் வழக்கு பலவீனமாகிவிடும்.

நிறுவனம் மசியவில்லையா? ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அது ஒரு தட்டு தட்டும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்பு வேண்டும் என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தமிழ்நாட்டையும் புதுச்சேரி, காரைக்காலையும் கவனிக்கிறது. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்த பிறகு, அவர்கள் மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை அதிகாரம் உண்டு. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், பிடிக்காவிட்டால் உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்களுடையது போல ஆவணங்களிலேயே விடை இருக்கும் வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தைவிட இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டாண்டு கெடு. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போக முடியாது.

கடன் விஷயம். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருப்பதால் இழப்பீட்டில் வங்கிக்குத்தான் முதல் உரிமை. 5,59,000 வந்தால் வங்கிக்கு 2,30,000 சொச்சம், உங்களுக்கு 3,29,000 அளவில். இங்கே ஒரு முடிச்சு விழும்: நிறுவனம் வங்கியின் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) கேட்கும், வங்கியோ பணம் வந்தால்தான் என்.ஓ.சி. என்று சொல்லும். வங்கியிடம் கடன் முடிப்புத் தொகைக் கடிதம் வாங்கி நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் அந்தத் தொகையை நேரே வங்கிக்குச் செலுத்தட்டும், வங்கி ஆர்.சி.யிலிருந்து தன் பெயரை நீக்குவதற்கான படிவம் 35ஐயும் என்.ஓ.சி.யையும் தரட்டும், பிறகு மீதி உங்களுக்கு. அதுவரை மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். ஓடாத காருக்கு எதற்குக் கட்ட வேண்டும் என்று கோபம் வரும். சிபில் மதிப்பெண்ணுக்கு உங்கள் கோபம் தெரியாது.

கடைசியாக, பணத்தைவிட ஆபத்தான ஒன்று. வண்டியை எடுக்க வருபவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 28, 29, 30 ஆகியவற்றில் வெற்றுக் கையெழுத்துக் கேட்பார். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பாமல் தராதீர்கள். அவருடைய அடையாள அட்டை நகலும், வண்டியை ஒப்படைத்த ரசீதும் உங்களிடம் இருக்க வேண்டும். ரசீதில் சேஸிஸ் எண், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். பெயர் மாறாமல் அந்த வண்டி எங்கோ சரிசெய்யப்பட்டு ஓடி யாரையாவது இடித்தால், நீதிமன்றம் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள பெயரை. 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது: கைமாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும் பதிவில் இருப்பவரே உரிமையாளர், அவரே பொறுப்பு. டோட்டல் லாஸ் தீர்வோடு உங்கள் பாலிசியும் முடிந்திருக்கும் என்பதால் அந்தப் பொறுப்பைச் சுமக்க இன்சூரன்ஸும் இருக்காது. உடைந்த காரின் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்கு மாட்டிவிடும் கூட்டங்களும் உண்டு.

வண்டி இனி ஓடவே ஓடாது என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது. ரத்தான சான்றின் நகலை நிறுவனமும் கேட்கும். கார் ஒப்படைக்கும் அன்றே ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி முடக்கிவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருப்பதை யாரும் கிழிப்பதில்லை. டோல்கேட்டில் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.